வெளிக் கொண்டி

ஜனவரி 9

அன்புள்ள அத்தைக்கு,

நானும் என் இருமலும் இங்கே ஒற்றுமையாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் படியேற விடுகிறதா? இடது காதில் இரைச்சல் குறைந்ததா?

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒரு சினிமா கம்பெனியில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. "இதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா? வீட்ல சும்மாவே செஞ்சிட்டிருந்தியே" என்கிறார் அப்பா. நடந்த கதை ஒன்றைப் படமாக எடுக்கிறார்கள். அந்தக் காலத்தில் இல்லாத பொருள் எதுவும் காட்சிக்குள் வந்துவிடாமல் பார்ப்பது என் பொறுப்பு. முதல் நாளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும், மலைக்குப் பின்னாலிருந்து தலை நீட்டிய செல்போன் கோபுரத்தையும் பிடித்தேன். "யாரும்மா இதெல்லாம் உத்துப் பாக்கப் போறா?" என்றார் டைரக்டர். நான் பார்ப்பேன் என்று என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அணை உடைந்த அன்று, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோதும் இடத்தை விட்டு எழாமல், ஆற்றோரத்து வீடுகளுக்கெல்லாம் போன் போட்டு எச்சரித்தபடியே இறந்துபோன டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அக்காவின் கதை. நீங்கள் அங்கேதான் வேலை பார்த்தீர்கள், அன்றைக்கு லீவில் இருந்தீர்கள் என்று அப்பா சொன்னார். ஆகவே அந்த நாளைப் பற்றிக் கேட்டுத் தொந்தரவு செய்யமாட்டேன். அறையைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். செட்டின் புகைப்படம் இத்துடன் இருக்கிறது. ஆயுள் முழுக்க அடுத்தவர் பேச லைன் கொடுத்தவர் வீட்டில் ஒரு போன் கிடையாது, கடிதம்தான் எழுத வேண்டும் என்றால் ஆபீசில் யாரும் நம்புவதில்லை.

இன்னொன்று. போன மாதம் கல்யாணத்தில் சாப்பிட்டுக் கை கழுவியதும் மறைந்துவிட்டீர்கள். "போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தை எங்க அக்கா வாயில வந்து நான் கேட்டதே இல்ல" என்று அப்பா வழக்கம்போலக் குறைப்பட்டுக்கொண்டார். உங்களுக்குக் 'காற்று அத்தை' என்று நாங்கள் பெயர் வைத்திருப்பது தெரியுமா?

அன்புடன்,
உங்கள் புத்தகப் பூச்சி


ஜனவரி 26

அன்புள்ள பூச்சிக்கு,

முழங்கால் ஏற விடுகிறது, இறங்கத்தான் யோசிக்கிறது. காது அப்படியே. இருமலுக்கு மருந்து வாங்கு, அதோடு குடித்தனம் நடத்தாதே.

புகைப்படத்தைப் பார்த்தேன். அந்த அறையில் லைன் கொடுக்கிற போர்டுகள் இரண்டு இருந்தன. ஒருத்தி கை நீட்டினால் அடுத்தவள் லைனில் செருகியிருக்கும் வயரை, நாங்கள் கார்டு என்போம், பிடுங்கலாம், அவ்வளவு நெருக்கம். நாற்காலிக்குச் சாய்மானம் கிடையாது. சாய்ந்தால் தூக்கம் வரும் என்பது மேலிடத்தின் கண்டுபிடிப்பு. கார்டுகள் முன்வரிசையில் சிவப்பு, பின்வரிசையில் பச்சை. உங்கள் செட்டில் எல்லாமே கறுப்பாகப் பாம்புப் பண்ணை மாதிரி தொங்குகிறது. யாராவது கூப்பிட்டால் விளக்கு எரியாது, ஒரு சின்னப் பித்தளை மூடி டிக்கென்று விழும். பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்போம். இல்லையென்றால் சூப்பர்வைசர் எடுத்துக் காதில் செருகிக்கொண்டு போய்விடுவார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மணி பார்ப்பதால் அவருக்குக் 'கடிகாரம்' என்று பெயர். நாங்களும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதில்லை. உங்கள் கதையின் எக்ஸ்சேஞ்ச் அக்கா முதல் போர்டு, நான் இரண்டாம் போர்டு.

கதவும் தப்பு. உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது. வெளியே ஓர் இரும்புக் கொண்டி மட்டும். ஆற்றைப் பார்த்த அறை என்பதால் காற்று அதிகம், கதவு அடித்துக்கொண்டிருந்தால் லைனில் ஒன்றும் கேட்காது. அதனால் டீ குடிக்கவோ முகம் கழுவவோ போகிறவள் வெளியே கொண்டியை மாட்டிவிட்டுப் போவாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவள் மாட்டமாட்டாள், அடுத்த ஷிப்டுக்காரி வர வேண்டுமே. ஆக, கொண்டி விழும் சத்தம் கேட்டால் போனவள் திரும்பி வரப்போகிறாள் என்று அர்த்தம். உள்ளே இருப்பவள் தலையைக்கூடத் திருப்பமாட்டாள்.

இந்தக் கதவு விஷயம் உனக்காக எழுதியது. சினிமாக்காரர்களுக்கு வேண்டாம்.

காற்று அத்தை பரவாயில்லை. இதைவிட மோசமாக ஒன்று இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அன்புடன்,
அத்தை


பிப்ரவரி 5

அன்புள்ள அத்தைக்கு,

இருமலை விவாகரத்துச் செய்துவிட்டேன். நீங்கள் காதை டாக்டரிடம் காட்டினீர்களா?

உங்கள் கடிதம் வந்த மறுநாளே இரண்டாவது போர்டுக்குத் தச்சரை வரவழைத்தார்கள். கார்டுகளுக்கு நிறம் வந்துவிட்டது, பென்சிலுக்கு நூல் வந்துவிட்டது. இதுவரை கூட்டங்களில் நான் கதவோரம் நின்று டீயைப் பிடித்துக்கொண்டிருப்பவள். இந்த வாரம் நான் வந்து உட்காரும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். படித்ததெல்லாம் இதற்குத்தானோ என்று ஒரு மணி நேரம் தோன்றியது.

ஒரு சந்தேகம். எக்ஸ்சேஞ்ச் வருகைப் பதிவேட்டின் நகல் கைக்கு வந்திருக்கிறது. அந்தத் தேதியில் உங்கள் பெயருக்கு நேராக 'லீவு' என்று இருக்கிறது. மற்ற எல்லாப் பதிவுகளும் பேனா மையில் இருக்க, இது மட்டும் பென்சில். கடிகாரத்தின் காதிலிருந்த பென்சிலோ என்று சிரித்துக்கொண்டேன். அன்றைக்கு உங்கள் இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்தார்களா? ஞாபகம் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
பூச்சி


மார்ச் 12

அன்புள்ள அத்தைக்கு,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று அப்பாவிடம் கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறீர்கள் என்றார். அப்படியானால் என்மேல்தான் ஏதோ என்று நினைக்கிறேன். நினைப்பதற்குக் காரணமும் இருக்கிறது.

கதவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். போன கடிதம் எழுதியபோதே சொல்லி முடித்திருந்தேன், உங்களிடம் மறைத்தேன். அந்தக் கூட்டத்தில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறத்தையும் நூலையும் சொல்லியாகிவிட்டது, சொல்வதற்கு இன்னும் ஒன்று இருந்தால் தேவலை என்று இருந்தது. சொன்னதும் அறை அமைதியானது. எனக்கு அந்த அமைதி பிடித்திருந்தது, அத்தை. அதைத்தான் எழுதக் கூசுகிறது.

"அப்ப அன்னிக்குக் கொண்டி போட்டிருந்துச்சா?" என்று டைரக்டர் கேட்டார். தெரியாது, விசாரணை அறிக்கையில் தண்ணீரில் ஊறிக் கதவு இறுகிவிட்டது என்றுதான் இருக்கிறது என்றேன். அடுத்த வாரம் காட்சி மாறி வந்தது. சூப்பர்வைசர் உயிருக்குப் பயந்து ஓடுகிறார். அவள் பின்னாலேயே வந்து தன் பயத்தை ஊருக்குச் சொல்லிவிடக் கூடாதென்று வெளியே கொண்டியை மாட்டிவிட்டு ஓடுகிறார். இதற்கு ஆதாரமே இல்லை என்றேன். "ஒரு வில்லன் வேணும்மா. தண்ணிய யாரு திட்டுவா?" என்றார்.

சூப்பர்வைசரின் பெயரை மாற்றிவிட்டார்கள். வெறும் பாத்திரம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் சொல்லை மீறியதற்கு மன்னிப்பீர்களா?

பூச்சி


மார்ச் 22

பூச்சிக்கு,

நலம். காதில் இரைச்சல் கூடியிருக்கிறது.

அவர் ஓடவில்லை. அன்று மதியமே, போன் இல்லாத கீழ்க்கரை வீடுகளுக்குச் சொல்ல சைக்கிளில் போய்விட்டார். தண்ணீர் வந்தபோது அவர் அறையில் இல்லை. அதை மாற்றச் சொல்.

அவருக்கு ஒரு மகள் உண்டு.

அத்தை


ஏப்ரல் 4

அன்புள்ள அத்தைக்கு,

சொன்னேன். ஆதாரம் கேட்டார்கள். என் அத்தை சொல்கிறார் என்றேன். "உங்க அத்தைதான் அன்னிக்கு லீவாச்சே?" என்றார் உதவி டைரக்டர். பதிவேட்டின் நகலை அவரிடம் கொடுத்ததே நான்தான். அந்தக் காட்சியை எடுத்து முடித்து, முன்னோட்டத்திலும் சேர்த்து வெளியிட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை சூப்பர்வைசரின் மகள் ஆபீசுக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை. டைரக்டர் இல்லை என்று சொல்லச் சொன்னார்கள், சொல்ல அனுப்பப்பட்டவள் நான். அவர் கத்தவில்லை. அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது என்றார். முன்னோட்டம் வந்ததிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் எழுத்துப் பலகையைப் படிக்கும் முன் தன் முகத்தைப் படிக்கிறார்கள் என்றார்.

"எங்கப்பா பெரிய வீரர்னு படம் எடுக்கச் சொல்லல. அவர் ஓடினத யாராவது பாத்தாங்களா? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

நான் தண்ணீர் கொடுத்தேன். நான் யார் என்று கேட்டார். தப்புப் பார்க்கிற பெண் என்றேன். வேறெப்படிச் சொல்வது? அவர் எழுந்து, என் மூக்குக் கண்ணாடி ஒருபக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்து, பழக்கதோஷத்தில் இரண்டு கையாலும் நேராக்கிவிட்டார். "அப்ப இதையும் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை காலியான செட்டில் போய் நின்றேன். கார்டு சரி, மூடி சரி, நாற்காலி சரி, கொண்டி சரி. இவ்வளவு சரியான அறைக்குள் வைத்தால் எந்தப் பொய்யையும் நம்பிவிடுவார்கள். அந்தக் கோபுரத்தையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் விட்டுவைத்திருக்கலாம். பார்க்கிறவர்கள் சிரித்துவிட்டாவது போயிருப்பார்கள்.

அத்தை, அவர் எப்போது சைக்கிளை எடுத்தார் என்பது லீவில் இருந்தவருக்கு எப்படித் தெரியும்? இதை நாலு தடவை எழுதி அடித்துவிட்டேன். ஐந்தாவது தடவை அடிக்கவில்லை.

பூச்சி


மே 2

அன்புள்ள அத்தைக்கு,

நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

அப்பாவிடம் கேட்டேன். "அன்னிக்கு அக்கா லீவு" என்றார். வேறு மாதிரிக் கேட்டேன். "அன்னிக்கு அக்கா லீவு" என்று அதே மூன்று சொல்லை, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போலச் சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். தாள் தலைகீழாக இருந்தது.

படம் ஆகஸ்டில் வருகிறது. நீங்கள் எழுதாவிட்டாலும் நான் கோபிக்கமாட்டேன். எழுதினால் வேறு யாருக்கும் காட்டமாட்டேன். இதை நம்பச் சொல்லிக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்பதும் தெரியும்.

பூச்சி


மே 17

அன்புள்ள பூச்சிக்கு,

இதைப் பத்து நாளாக எழுதுகிறேன். உன்மேல் எனக்குக் கோபமில்லை. உன்னிடம் அந்தக் கதவைப் பற்றி எழுத வேண்டிய அவசியமே இல்லை, நீ கேட்கவும் இல்லை. நாற்பது வருடம் பொத்தி வைத்ததைக் கை தானாகவே எழுதியது.

அன்று நான் வேலைக்குப் போனேன். மூன்று மணி சுமாருக்கு, "ரோட்டுக்குத் தண்ணி வந்திருச்சான்னு பாத்துட்டு வா" என்றாள் முதல் போர்டு. அவள் காதில் ஹெட்செட், இரண்டு கையிலும் கார்டு. "போயிட்டு வரேன்" என்றேன். வெளியே வந்து கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டினேன். யோசித்துச் செய்ததில்லை. தினமும் நாலு தடவை செய்கிற வேலை.

வாசலுக்கு மூன்று படி. இரண்டாவது படியில் தண்ணீர் நின்றது. யாரோ மேட்டைக் காட்டிக் கத்தினார்கள். ஓடினேன். பாதி ஏற்றத்தில்தான் என் விரலுக்குக் கொண்டி ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தது, போயிருக்கலாம். கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மேலே ஏறினேன்.

மேட்டில் ஒரு வீட்டில் போன் இருந்தது. நான் அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது அது அடித்தது. வீட்டுக்கார அம்மா எடுத்தார். "எக்ஸ்சேஞ்சிலிருந்து பேசறாங்க. இங்க ஒரு பொண்ணு வந்துச்சான்னு கேக்கறாங்க. நீதானாம்மா?" என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். ஏன் என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஆமாம் என்றால் திரும்பிப் போக வேண்டியிருக்கும். அவள் கதவைத் திறக்கச் சொல்லக் கேட்டாளா, நான் பிழைத்தேனா என்று கேட்டாளா, தெரியாது. என் வீட்டில் போன் இல்லாததற்குக் காரணம் கேட்பாயே, அதுதான்.

கொண்டியை மறுநாள் கழற்றியவர் கடிகாரம். சேற்றில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் தன் கைக்கடிகாரத்தையே பார்த்தார், அது நின்றுபோயிருந்தது. "நீ அன்னிக்கு லீவு. கதவு ஊறிப்போச்சு. ஒண்ணு போனது போதும்" என்றார். பதிவேட்டில் அவரே எழுதினார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவர் சொன்ன மூன்று சொல்லை வீட்டில் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தேன்.

உங்கள் டைரக்டர் கற்பனையாகச் சொன்னதில் பாதி உண்மை. கொண்டி போட்டிருந்தது. ஓடியவள் இருந்தாள். ஆளைத்தான் மாற்றிவிட்டார், அதுவும் என்னைக் காப்பாற்றியவரின் தலையில்.

அத்தை


மே 25

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை யாரும் பார்க்கவில்லை. என் பையிலேயே வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகும்போது அது அங்கே இருக்கிறதா என்று பஸ்ஸில் மூன்று தடவை தொட்டுப் பார்க்கிறேன்.

இருபத்திரண்டு என்றால் என்னைவிட இரண்டு வயது சின்னவர். உங்களை அத்தையாக அல்லாமல் அந்த ஏற்றத்தில் நிற்கும் பெண்ணாக நினைத்துப் பார்த்தேன். அங்கே நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எழுதமாட்டேன். ஒரு கூட்டத்தில் நாலு பேர் என் முகத்தைப் பார்த்ததற்கே நான் என்ன செய்தேன் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

ஒன்று கேட்க வேண்டும். அப்பாவுக்கு அப்போது எட்டு வயது. அன்றைக்கு அக்கா ஓடிவந்து தன்னைத் தூக்கிக்கொண்டாள் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லியிருக்கிறார். நீங்கள் தம்பியைக் காப்பாற்றத்தானே ஓடினீர்கள்? அப்படிச் சொன்னால் யாரும் உங்களைக் குற்றம் சொல்லமாட்டார்கள், சூப்பர்வைசரின் பெயரும் கெடாது. நேற்று அதை ஒரு காட்சியாக எழுதிப் பார்த்தேன். அழகாக வந்தது. அழகாக வந்ததால்தான் பயமாக இருக்கிறது. அப்படித்தானே, அத்தை?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூச்சி


ஜூன் 7

அன்புள்ள பூச்சிக்கு,

முழங்கால் நன்றாக இருக்கிறது. இரண்டு நாளாகக் காதில் இரைச்சல் தெரியவில்லை. இருக்கிறதோ என்னவோ, கவனிக்க நேரமில்லை.

அப்படி இல்லை. உன் அப்பாவைப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் எனக்கு முன்னாலேயே மேட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். இருட்டும் நேரத்தில் கூட்டத்தில் தற்செயலாகப் பார்த்தேன், தூக்கிக்கொண்டேன். அவனுக்குக் கைதான் ஞாபகம் இருக்கும், நேரம் ஞாபகம் இராது. நானும் திருத்தவில்லை. நான் ஓடும்போது அவன் நினைவே எனக்கு வரவில்லை. யாருக்காகவும் ஓடவில்லை, பூச்சி. உன் வேலை தப்புப் பார்ப்பது. நான் நன்றாகத் தெரிவதற்காக எதையும் சேர்க்காதே. எழுதிய காட்சியைக் கிழித்துப் போடு.

கடிகாரத்தின் மகளுக்கு எழுதினேன். உனக்கு எழுதியதையே எழுதினேன். மூன்று வரியில் பதில் வந்திருக்கிறது. 'அப்பா எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மன்னிப்பேனா என்று தெரியாது. நேரில் வந்து, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.'

இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று இந்த உறையில் இருக்கிறது, உன் டைரக்டருக்கு. மையில்தான் எழுதியிருக்கிறேன். அவர் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் நீ வாங்கி வைத்த ஆதாரம் என்று அது இருக்கட்டும். இந்தத் தடவை எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் காட்டு. முதலில் உன் அப்பாவிடம் காட்டு. அந்த மூன்று சொல்லை அவன் இனிமேல் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று என் கைப்பையில். பதினொரு மணி பஸ். அந்தக் கண்ணாடிக் கடை முதலில். அங்கே என்னை உட்காரச் சொல்வார்களா, நிற்க வைப்பார்களா தெரியாது. அங்கிருந்து முதல் போர்டின் தங்கை வீட்டுக்கு. அவள் குழந்தையாக இருந்தபோது நான் கொலுசு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், இப்போது அவளுக்கும் தலை நரைத்திருக்கும். அவளிடம் எப்படித் தொடங்குவது என்று இன்னும் தெரியவில்லை. போகும் வழியில் யோசிக்க வேண்டும்.

வீட்டைப் பூட்டிவிட்டேன். கடிதத்தை வாசற்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன், தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பஸ் ஏற வேண்டும். உன் அப்பாவிடம் சொல், அவன் கேட்டதே இல்லை என்று குறைப்பட்டானே.

போயிட்டு வரேன்.

அத்தை